தட்டிலிருந்து உணவுக்கு: கசிவுச் சோதனையில் எண் இடறினால் எங்கே தேடுவது

சூடான ரசத்தை மெலமைன் கிண்ணத்தில் ஊற்றினால், கிண்ணத்திலிருந்து ரசத்துக்குள் என்ன இறங்குகிறது, எவ்வளவு இறங்குகிறது? நம் வேலை இதை அளப்பதுதான். ரசத்திலேயே அளக்கப் போனால் புளியும் மிளகும் எண்ணெயும் கருவியை அடைத்துவிடும். அதனால் ரசத்தின் இடத்தில் 3 சதவீத அசிட்டிக் அமிலத்தை வைக்கிறோம், எண்ணெய்ப் பலகாரத்தின் இடத்தில் ஆலிவ் எண்ணெயையோ ஹெப்டேனையோ. லேப்பில் இவற்றுக்கு சிமுலன்ட் என்று பெயர், இறங்குவதற்கு மைக்ரேஷன் என்று பெயர். நான் கசிவு என்றே எழுதுகிறேன்.

இது முறையைச் சொல்லித்தரும் கட்டுரை இல்லை. முறை உங்கள் மேசையில் இருக்கிறது, அதன்படிதான் செய்தீர்கள், ஆனாலும் எண் முறைத்துக்கொண்டு நிற்கிறது. அப்போது எடுத்துப் பார்ப்பதற்காக எழுதியது. என் மேசைக்கு அதிகம் வந்த புகார்களை முதலில் வைத்திருக்கிறேன்.

வரம்புகளை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு பேக்கேஜிங் விதிகள் மொத்தக் கசிவுக்கு ஒரு கிலோ உணவுக்கு 60 மி.கி., அல்லது ஒரு சதுர டெசிமீட்டருக்கு 10 மி.கி. என்கின்றன. சோதிக்கும் முறை ஐ.எஸ். 9845. ஏற்றுமதிச் சாம்பிள் என்றால் ஐரோப்பாவின் 10/2011 விதி வரும். அங்கே மொத்தக் கசிவு சதுர டெசிமீட்டருக்கு 10 மி.கி. மெலமைன் தட்டின் ரெசினைக் கட்டும் இரண்டு பொருளில் ஃபார்மால்டிஹைடு கிலோவுக்கு 15 மி.கி., மெலமைன் கிலோவுக்கு 2.5 மி.கி. மெலமைன் வரம்பு முன்பு 30 ஆக இருந்தது, 2011இல் ஒரேயடியாக 2.5க்கு இறக்கினார்கள். பழைய ரிப்போர்ட்டைக் காட்டி 'அப்போ பாஸ் ஆச்சே' என்று வாடிக்கையாளர் கேட்டால் பதில் பெரும்பாலும் இங்கே இருக்கும்.

மொத்தக் கசிவு மைனஸில் வருகிறது

தட்டிலிருந்து ஏதும் இறங்காமல் இருக்கலாம். ஆனால் இல்லாததை விடக் குறைவாக இறங்க முடியாது. மைனஸ் வந்தால் தட்டை மறந்துவிட்டுத் தராசு இருக்கும் அறைக்குப் போங்கள்.

சிமுலன்டை ஆவியாக்கி, மிஞ்சும் எச்சத்தோடு நிறுக்கும் பாத்திரம் ஏறக்குறைய 40 கிராம் இருக்கும். அதன் மேல் நாம் தேடுவது 2, 3 மி.கி. 2 சதுர டெசிமீட்டர் பரப்பு சிமுலன்டைத் தொட்டிருந்தால் வரம்பில் நிற்கிற தட்டே 20 மி.கி.தான் தரும். அந்த அளவில் விரல் ரேகை ஒரு சாம்பிள், மழைக்காலக் காற்று இன்னொரு சாம்பிள்.

முதல் சந்தேகம் சூடு. ஓவனிலிருந்து எடுத்த பாத்திரம் சரியாக ஆறாமல் தராசில் ஏறினால் மேலெழும் வெப்பக் காற்று அதைத் தூக்கிப் பிடிக்கும், எடை குறைவாகக் காட்டும். காலையில் காலிப் பாத்திரத்தை நிதானமாக ஆறவைத்து நிறுத்துவோம். மாலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எச்சத்தோடு இருப்பதை அவசரமாக நிறுத்துவோம். மைனஸ் பிறக்கும் இடம் இதுதான். இரண்டு முறையும் டெசிகேட்டரில் (ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைத்த மூடிய ஜாடியில்) ஒரே நேரம் இருக்க வேண்டும். என் கணக்கு ஒரு மணி நேரம்.

அடுத்தது டெசிகேட்டர். சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறி எத்தனை நாள் ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. நவம்பர், டிசம்பரில் சென்னையில் இதை வாரம் இருமுறை பார்க்க வேண்டும். பாத்திரத்தை இடுக்கியால் மட்டும் எடுங்கள். அடுத்தடுத்த இரண்டு நிறுத்தலுக்கும் இடையே 0.5 மி.கி.க்கு மேல் வேறுபாடு இருந்தால் இன்னும் காயவில்லை என்று பொருள். திரும்ப 105 டிகிரிக்குப் போகட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் மைனஸ் என்றால் பிளாங்க். தட்டைத் தொடாத அதே அளவு சிமுலன்டையும் ஆவியாக்கிக் கழிக்கிறோம் அல்லவா, அந்த பிளாங்க்கிலேயே எச்சம் அதிகம். வடிநீர் பிளாஸ்டிக் கேனில் நின்றிருந்ததா என்று கேளுங்கள். பிளாஸ்டிக்கிலிருந்து என்ன இறங்குகிறது என்று அளக்கும் லேப்பில் தண்ணீரைப் பிளாஸ்டிக்கில் வைப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

சாட்சிக்கு ஒரு காலிப் பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள். எதையும் ஊற்றாமல், மற்றவை போகும் ஓவனுக்கெல்லாம் அதுவும் போய் வரட்டும். நாள் முடிவில் அதன் எடை 1 மி.கி. மாறியிருந்தால் அன்றைய எண்கள் எல்லாவற்றின் மேலும் அந்த 1 மி.கி. நிற்கிறது.

மொத்தக் கசிவு பாஸ், ஃபார்மால்டிஹைடு ஃபெயில்

'மொத்தமே கொஞ்சம்தான் என்கிறீர்கள், அதில் ஒரு பங்கு எப்படி வரம்பைத் தாண்டும்? ரெண்டில் ஒண்ணு தப்பு.' தொலைபேசியில் இப்படிக் கேட்காத தட்டு உற்பத்தியாளர் இல்லை. இரண்டும் சரியாக இருக்கலாம்.

மொத்தக் கசிவில் சிமுலன்டைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, மிஞ்சியதை நிறுக்கிறோம். ஃபார்மால்டிஹைடு மிஞ்சாது. தண்ணீரோடும் அமிலத்தோடும் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுவது மெலமைனும், ரெசினின் சின்னத் துண்டுகளும், நிரப்பியிலிருந்து வந்த கொஞ்சமும். ஆகவே மொத்தக் கசிவு என்ற பெயரில் இருக்கும் 'மொத்தம்' ஆவியாகாதவற்றின் மொத்தம்தான். பாலிஸ்டைரீன் கப்பில் ஸ்டைரீனுக்கும் இதே கதை. ரிப்போர்ட்டில் இதை ஒரு வரி எழுதிவிட்டால் பாதி தொலைபேசி அழைப்பு குறையும்.

ஒரே பெட்டித் தட்டுகள், மூன்றும் மூன்று எண்

ஓவன் முகப்பு 70 என்று காட்டும். அந்த 70 ஓவன் காற்றின் சூடு. தட்டில் இருக்கும் திரவத்தின் சூட்டை யாரும் கேட்பதில்லை.

பன்னிரண்டு தட்டுகளில் அறைச் சூட்டில் அமிலத்தை ஊற்றி ஓவனுக்குள் தள்ளினால், திரவம் 70ஐத் தொடவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். சோதனையே 2 மணி நேரம்தான். கதவோரத் தட்டு 64இல் தத்தளிக்கும், விசிறிப் பக்கத் தட்டு 71இல் இருக்கும். இந்த 5, 6 டிகிரியின் விலை என்ன? ஐரோப்பிய விதி தன் நேர-வெப்பக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் ஆற்றல் மதிப்பு மோலுக்கு 80 கிலோஜூல். அதைப் போட்டுப் பார்த்தால் 70க்குப் பதில் 65இல் நின்ற தட்டு மூன்றில் இரண்டு பங்கே தரும். 60இல் நின்றால் பாதிக்கும் கீழே. வரம்பைத் தாண்ட வேண்டிய தட்டு நல்ல பிள்ளையாக வெளியே வந்துவிடும்.

அதனால் சிமுலன்டைத் தனியாக 70க்குக் காய்ச்சி ஊற்றுங்கள். தட்டையும் முன்பே ஓவனில் வைத்துவிடுங்கள். ஒரு தட்டைப் பலியாக ஒதுக்கி அதன் திரவத்துக்குள் வெப்பமானி முனையை விட்டுவைத்து, அது 70 காட்டிய பிறகு கடிகாரத்தைப் பாருங்கள். அனுமதி 2 டிகிரி மேலே, 2 டிகிரி கீழே. கண்ணாடியால் மூடுவதும் முக்கியம். திறந்த தட்டு ஆவியாகித் திரவம் சுண்டும், சுண்டிய திரவத்தில் மெலமைன் செறிவு ஏறும், அதைக் கசிவு என்று எழுதிவிடுவோம். முடிந்ததும் திரவத்தின் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் எவ்வளவு குறைந்தது என்று பதிவேட்டில் இருக்கட்டும்.

இத்தனையும் சரி, ஆனாலும் எண்கள் சிதறுகின்றன என்றால் இரண்டாவது தொடுகையில் (அதே தட்டில் புதுச் சிமுலன்டை ஊற்றிச் செய்யும் அடுத்த சோதனையில்) தட்டுகளின் இடத்தை மாற்றிப் போடுங்கள். அதிக எண் அதே இடத்திலேயே நின்றால் குற்றம் ஓவனுடையது. தட்டோடு நகர்ந்தால் தட்டுடையது. ஒரே பெட்டியில் இருந்தாலும் ஒரே அச்சில் ஒரே நேரம் வெந்தவை என்று அர்த்தமில்லை. மெலமைன் தட்டு சூட்டிலும் அழுத்தத்திலும் அச்சுக்குள் வேகும் பண்டம். அவசரத்தில் சில விநாடி முன்னதாக அச்சைத் திறந்தால் அரைவேக்காடு. அரைவேக்காட்டுத் தட்டு பார்க்க அதே பளபளப்புதான், கசிவில்தான் காட்டிக்கொடுக்கும். அப்போது சராசரி போட்டு மறைக்காதீர்கள், மூன்று எண்ணையும் தனித்தனியாக எழுதுங்கள்.

தட்டை வைக்காத பிளாங்க்கே மஞ்சளாகிறது

ஃபார்மால்டிஹைடுக்குப் பலரும் பயன்படுத்துவது 1953இல் நாஷ் தந்த முறை. அசிட்டைல்அசிட்டோனும் அம்மோனியம் அசிட்டேட்டும் சேர்ந்த கரைசல் ஃபார்மால்டிஹைடைக் கண்டால் மஞ்சளாகும். 412 நானோமீட்டரில் படிக்கிறோம். எளிமையான முறை, ரோஷமும் அதிகம்.

பிளாங்க் மஞ்சளானால் வினைப்பொருள் எப்போது கலந்தது என்று பாருங்கள். அசிட்டைல்அசிட்டோன் பாட்டிலே பழுப்பேறியிருந்தால் அதை வைத்து எது செய்தாலும் மஞ்சள்தான். புதிதாகக் கலந்தும் மஞ்சள் என்றால் மூக்கைப் பயன்படுத்துங்கள். பக்கத்து அறையில் யாராவது ஃபார்மலின் திறந்தார்களா? புதிய பிளைவுட் அலமாரி வந்ததா? பிளைவுட் பசை பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு. மூடாத கரைசல் காற்றிலிருந்தே அதை இழுத்துக்கொள்ளும்.

பிளாங்க் சுத்தம், தெரிந்த அளவுக் கரைசல்களை (ஸ்டாண்டர்டுகளை) வைத்து வரைந்த அளவுக்கோடு நேராக இருக்கிறது, ஆனால் தெரிந்த அளவு சேர்த்துப் பார்த்த சாம்பிள் எப்போதும் ஒரே விகிதத்தில் அதிகமாகவோ குறைவாகவோ வருகிறதா? அந்த ஸ்டாண்டர்டுகளுக்கெல்லாம் மூலமான ஸ்டாக் கரைசல்தான் காரணம். ஃபார்மலின் பாட்டிலில் 37 சதவீதம் என்று அச்சடித்திருக்கும். அது தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய நாளின் எண். அடியில் வெள்ளையாக வண்டல் படிந்திருந்தால் ஒரு பகுதி பாராஃபார்மால்டிஹைடாக இறுகிவிட்டது, மேலே நிற்கும் திரவம் 37 இல்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று ஃபிரிட்ஜில் வைத்தால் வண்டல் சீக்கிரமே வரும். அயோடின் டைட்ரேஷன் செய்து உண்மை வலிமையைக் கண்டுபிடித்த பிறகே நீர்க்கச் செய்யுங்கள். கோடு நேராக இருப்பது எதையும் நிரூபிக்காது. தப்பான ஸ்டாக்கிலிருந்தும் அழகான நேர்கோடு வரும்.

ஸ்டாண்டர்டைத் தண்ணீரிலும் சாம்பிளை 3 சதவீத அமிலத்திலும் வைத்துப் படித்தாலும் இடறும். அமிலம் கரைசலின் பி.எச்.ஐக் கீழே இழுக்கிறது, நிறம் மெதுவாக ஏறுகிறது, பத்து நிமிடத்தில் படித்தால் சாம்பிள் குறைவாகத் தெரிகிறது. ஸ்டாண்டர்டையும் அதே அமிலத்தில் செய்யுங்கள்.

பூப்போட்ட தட்டு, சிவப்பு விளிம்புத் தட்டு என்றால் வினைப்பொருள் சேர்க்காமல் அந்தச் சிமுலன்டை மட்டும் 412இல் ஒருமுறை படித்துக் கழியுங்கள். சாயமே மஞ்சளாக இறங்கியிருக்கலாம். சாயம் இறங்குவது தனியாக எழுத வேண்டிய குறை, அதை ஃபார்மால்டிஹைடு கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. நிறம் அளவை மீறிப் போனால், நிறம் வந்த கரைசலை நீர்க்காதீர்கள். மூலச் சாம்பிளை நீர்த்து, திரும்ப வினைப்பொருள் சேர்த்துச் செய்யுங்கள்.

மூன்றாவது தொடுகையில் எண் ஏறுகிறது

எனக்கு மிகவும் பிடித்த புகார் இதுதான். லேப்புக்குப் புதிதாக வந்தவர்கள் பதறிக்கொண்டு வருவார்கள்: 'சார், முதல்ல 4, அப்புறம் 5, இப்ப 7. நான் எங்கேயோ தப்புப் பண்ணிட்டேன்.'

திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பாத்திரத்தை ஒரே சாம்பிளில் மூன்று முறை சோதிக்கிறோம், ஒவ்வொரு முறையும் புதுச் சிமுலன்ட். சாதாரண பிளாஸ்டிக்கில் எண் இறங்குமுகமாக இருக்கும். தயாரிப்பின்போது மிஞ்சிய மோனோமரும் சேர்த்த பொருளும் உள்ளே தங்கியிருக்கின்றன, ஒவ்வொரு கழுவலிலும் கொஞ்சம் வெளியேறுகின்றன, கையிருப்பு தீர்கிறது. அரிசி களையும்போது மூன்றாம் தண்ணீர் தெளிவாக இருப்பதுபோல.

மெலமைன் ரெசினுக்குக் கையிருப்பு மட்டுமே மூலதனம் இல்லை. மெலமைனையும் ஃபார்மால்டிஹைடையும் கோத்துக் கட்டிய வலை அது. அந்த முடிச்சுகள் சூட்டிலும் புளிப்பிலும் நீரால் அவிழும். அவிழ்ந்தால் இரண்டும் வெளியே வரும். மேல்பரப்பு அரிபட்டுச் சொரசொரப்பானால் தொடும் பரப்பு கூடும், இன்னும் அவிழும். எண் ஏறுவது தட்டு தேய்ந்துகொண்டிருப்பதன் சத்தம். விரலால் தடவிப் பார்த்தால் சில தட்டுகளில் பளபளப்பு போனதே தெரியும்.

ஆனாலும் நம்புவதற்கு முன்னால் மூன்று விஷயம் பாருங்கள். தொடுகைகளுக்கு இடையில் தட்டை வடிநீரால் அலசினீர்களா? பழைய சிமுலன்ட் விளிம்பில் தங்கியிருந்தால் அது அடுத்ததில் சேரும். மூன்றாவது முறை மூடி சரியாக இருந்ததா, திரவம் சுண்டியதா? மூன்று நாளும் ஓவன் ஒரே சூட்டில் இருந்ததா? இந்த மூன்றும் சரியென்றால் நீங்கள் தப்புப் பண்ணவில்லை, ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள்.

ஐரோப்பிய விதியில் 2020இல் வந்த 2020/1245 திருத்தம் இதைத் தெளிவாகவே வைத்துவிட்டது. முதலிலிருந்து இரண்டாவதற்கும் இரண்டிலிருந்து மூன்றாவதற்கும் குறிப்பிட்ட பொருளின் கசிவு ஏறக் கூடாது. மூன்று எண்ணும் வரம்புக்குள் இருந்தாலும் ஏறுமுகம் என்றால் ஃபெயில்தான். அதனால் மூன்றாவது எண்ணை மட்டும் ரிப்போர்ட்டில் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

மூங்கில் கப், மூங்கில் தட்டு என்று இயற்கைப் பச்சை லேபிளோடு வரும் சாம்பிள்களில் இதைக் கட்டாயம் எதிர்பாருங்கள். அவற்றில் பல, மூங்கில் தூளை மெலமைன் ரெசினில் பிசைந்து அச்சில் வேகவைத்தவை. ஜெர்மனியின் மத்திய இடர் மதிப்பீட்டு நிறுவனமான பி.எஃப்.ஆர். 2020இல், இப்படிப்பட்ட கப்களில் சூடான பானம் ஊற்றிக் குடிக்க வேண்டாம் என்று எச்சரித்தது. பிளாஸ்டிக்கில் மூங்கில் தூளைச் சேர்க்க ஐரோப்பாவில் அனுமதியும் இல்லை. அந்தச் சாம்பிள் ஏற்றுமதிக்கு என்றால் கசிவை அளப்பதற்கு முன்பே வாடிக்கையாளரிடம் பேசிவிடுவது நல்லது, அவர் செலவு மிஞ்சும்.

ஃபார்மால்டிஹைடு கொட்டுகிறது, மெலமைனைக் காணோம்

கருவியைக் கழற்றும் முன் தட்டைச் சந்தேகப்படுங்கள். மெலமைன் என்று சொல்லி விற்கும் தட்டு யூரியா ஃபார்மால்டிஹைடாக இருக்கலாம். விலை குறைவு, அச்சு அதே, பார்வை அதே. மேலே மெலமைன் பொடியைத் தூவிப் பளபளப்பு ஏற்றியிருப்பார்கள். யூரியா ரெசின் சூட்டையும் புளிப்பையும் மெலமைனை விட மோசமாகத் தாங்கும்.

எஃப்.டி.ஐ.ஆர். (அகச்சிவப்பு ஒளியால் பொருளை அடையாளம் காணும் கருவி) இருந்தால் ஐந்து நிமிட வேலை. மெலமைனின் ட்ரையசீன் வளையம் 813 அலையெண் அருகே கூர்மையாக ஒரு பட்டை தரும். யூரியாவுக்கு அந்த வளையமே கிடையாது. ஒரு கண்ணி மட்டும் உண்டு. மேல்பரப்பில் வைத்துப் படித்தால் தூவிய மெலமைன்தான் தெரியும், 'அசல் மெலமைன்' என்று சான்று கொடுத்துவிடுவோம். தட்டை உடைத்து, நடுப்பகுதியிலிருந்து சுரண்டிய பொடியைப் படியுங்கள். தட்டை உடைக்க மனம் வராது, ஒருமுறை உடைத்துப் பாருங்கள்.

மெலமைன் பீக் வாசலிலேயே வந்துவிடுகிறது

எச்.பி.எல்.சி.யில் (திரவ ஓட்டத்தில் பொருள்களைப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு பீக்காக, மேடாக வரைந்து காட்டும் கருவியில்) சி18 காலம், அதாவது பிரிக்கும் குழாய், போட்டிருப்பீர்கள். மெலமைனுக்குத் தண்ணீர்ப் பாசம் அதிகம், சி18இல் அது நிற்காது. கரைப்பானோடு ஓடிவந்துவிடும், கூடவே அமிலமும் மற்ற குப்பையும் அதே இடத்தில் வரும். தண்ணீர்ப் பாசமுள்ளதைப் பிடித்துவைக்கும் அமினோ காலமோ ஹிலிக் காலமோ வேண்டும், அசிட்டோநைட்ரைல் மிகுந்த ஓட்டம் வேண்டும்.

ஹிலிக் போட்ட பிறகு பீக் இரண்டாகப் பிளந்தாலோ முன்புறம் சரிந்தாலோ, 3 சதவீத அமிலச் சாம்பிளை அப்படியே செலுத்துகிறீர்கள் என்று அர்த்தம். ஹிலிக்குக்குத் தண்ணீர்தான் பலமான கரைப்பான். சாம்பிளை அசிட்டோநைட்ரைலால் நீர்த்துக் குறைந்த அளவு செலுத்துங்கள். மூலக்கூறுத் துண்டுகளை நிறையால் அறியும் மாஸ் கருவி இருந்தால் நிறை எண் 127இலிருந்து 85க்குப் போகும் சோடியைப் பாருங்கள், உறுதிக்கு 68. ஸ்டாக் கரைசலை வெதுவெதுப்பாக்கி, அல்ட்ராசோனிக் தொட்டியில் வைத்து முழுதும் கரைந்ததைக் கண்ணால் பாருங்கள். மெலமைன் குளிர்ந்த தண்ணீரில் சோம்பேறி.

பிளாங்க்கில் மெலமைன் வந்தால்? ஒரு லேப்பில் இரண்டு வாரம் இதோடு மல்லுக்கட்டினோம். தண்ணீரை மாற்றினோம், காலத்தை மாற்றினோம், ஸ்டாண்டர்டைப் புதிதாக வாங்கினோம். கடைசியில் பீக்கர் கழுவுமிடத்தில் கறை போக்கும் வெள்ளை ஸ்பான்ஞ்ச் ஒன்று உட்கார்ந்திருந்தது. சோப்பே வேண்டாம், தேய்த்தால் போதும் என்று விற்பார்களே, அது. அந்த ஸ்பான்ஞ்ச் நுரையாக்கிய மெலமைன் ஃபார்மால்டிஹைடு ரெசின். தேயத் தேயத் துகள் உதிர்ந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அதை வாங்கி வைத்தவர் நல்லெண்ணத்தில்தான் செய்தார்.

கருவி சொல்வதும் ரிப்போர்ட் சொல்வதும் பொருந்தவில்லை

அளவு சரி, அலகு தப்பு. வரம்பு ஒரு கிலோ உணவுக்கு மி.கி. என்று இருக்கிறது, கருவி ஒரு லிட்டர் சிமுலன்டுக்கு மி.கி. என்று தருகிறது. இரண்டும் ஒன்றுதானே என்று நேரே எழுதிவிடுகிறார்கள்.

அரை லிட்டர் முதல் 10 லிட்டர் வரை கொள்ளும் பாத்திரம் என்றால் அதன் உண்மையான பரப்பு-கொள்ளளவு விகிதம். அதற்குக் குறைந்தவை, தட்டு, கரண்டி போலக் கொள்ளளவு சொல்ல முடியாதவை எல்லாவற்றுக்கும் ஐரோப்பிய வழக்கப்படி ஒரு கிலோ உணவை 6 சதுர டெசிமீட்டர் தொடுகிறது என்று வைத்துக்கொள்கிறோம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான சாமான் இந்தக் கணக்கில் வராது, அதற்கு உண்மை விகிதமே.

ஆழமில்லாத ஒரு தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நனைந்த பரப்பு 2 சதுர டெசிமீட்டர், ஊற்றியது 150 மி.லி., கருவி காட்டிய மெலமைன் லிட்டருக்கு 3 மி.கி. வரம்பு 2.5, ஆகவே ஃபெயில் என்று எழுதத் தோன்றும். கணக்குப் போடுங்கள்: இறங்கியது மொத்தம் 0.45 மி.கி., சதுர டெசிமீட்டருக்கு 0.225, ஆறால் பெருக்கினால் 1.35. பாஸ்.

இப்போது ஒரு மெலமைன் கரண்டி. 0.8 சதுர டெசிமீட்டர், முங்குவதற்கு 250 மி.லி. தேவைப்பட்டது, கருவி காட்டியது 1.5. பார்த்தால் பாஸ். இறங்கியது 0.375 மி.கி., சதுர டெசிமீட்டருக்கு 0.47, ஆறால் பெருக்க 2.8. ஃபெயில்! ஆபத்தானது இந்த இரண்டாவது வகை. கண்ணில் படாமல் கையெழுத்தாகிவிடும்.

பரப்பை எப்படி அளந்தீர்கள் என்பதும் இதற்குள் அடங்கும். கிண்ணத்தின் வளைவை அலுமினியத் தாளால் ஒட்டி, வெட்டி, விரித்து, நிறுத்துப் பார்ப்பதுதான் நான் இன்றும் நம்பும் வழி. நூலும் ஸ்கேலும் வைத்து வரும் எண்ணில் பத்து சதவீதம் காற்றில் போகும்.

எண்ணெய்ச் சோதனை

ஹெப்டேனில் அளந்த எண் பயமுறுத்தினால், ஐ.எஸ். 9845இன்படி 5ஆல் வகுத்தீர்களா என்று முதலில் பாருங்கள். ஹெப்டேன் சமையல் எண்ணெயை விட முரடு, அந்த முரட்டுத்தனத்துக்கான கழிவுதான் அது. பாலிஸ்டைரீன் கப் ஹெப்டேனில் மங்கினாலோ உப்பினாலோ பொருள் கரைப்பானிடம் தோற்றுவிட்டது. அங்கே எண்ணை மட்டும் கொடுக்காமல் பார்த்ததையும் எழுதுங்கள்.

ஆலிவ் எண்ணெயை ஆவியாக்க முடியாது, அதனால் தட்டையே முன்னும் பின்னும் நிறுக்கிறோம். அதில் மைனஸ் வந்தால் தட்டு குடித்த எண்ணெயை முழுதாக வெளியே எடுக்கவில்லை. குடித்த எண்ணெயின் எடை தட்டின் எடையாகக் கணக்கில் ஏறிவிட்டது. இன்னொரு முறை கரைப்பானில் இழுத்து, அதில் எண்ணெய் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். எதிர்ப்பக்கமாக, நைலான் கரண்டியிலும் மெலமைனிலும் எண் வியப்பூட்டும்படி அதிகமாக வந்தால் ஈரம். காற்றிலிருந்து குடித்த தண்ணீர் சூடான எண்ணெயில் வெளியேறியது, எடைக் குறைவு கசிவு வேஷம் போட்டது. சோதனைக்கு முன்னும் பின்னும் ஒரே ஈரப்பதத்தில் வைத்து, எடை நிலைத்த பிறகே நிறுக்க வேண்டும்.

நைலான் கரண்டியில் அரோமாட்டிக் அமீன் தேடுவது தனிக் கலை. சீனா, ஹாங்காங் நைலான் சமையல் சாமான்களுக்கும் மெலமைன் சாமான்களுக்கும் 2011இல் ஐரோப்பா தனி இறக்குமதிச் சோதனை வைத்ததற்கு, நைலான் பக்கத்தில் இந்த அமீன்தான் காரணம். இங்கே ஒன்று மட்டும்: கரண்டியின் மொத்தக் கசிவு எச்சம் பெரும்பாலும் நைலானின் சின்ன வளையத் துண்டுகள். எச்சம் அதிகம் என்பதாலேயே அமீன் அதிகம் என்று எண்ண வேண்டாம்.

பிளாங்க்கில் தாலேட் பீக்

பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கும் தாலேட்டின் அடையாளம் நிறை எண் 149. ஜி.சி. (ஆவியாக்கிப் பிரிக்கும்) கருவியில் அது எங்கும் நிற்கும். கையுறை, பாராஃபிலிம், பிளாஸ்டிக் பிப்பெட் முனை, குழாய், தரைவிரிப்பு, காற்று. பிளாஸ்டிக்கைத் தொடாத கண்ணாடி, 400 டிகிரிக்கு மேல் சுட்டெடுத்த கண்ணாடி, அலுமினியத் தாள் மூடி. அன்றன்றைய பிளாங்க் இல்லாமல் தாலேட் எண் எதையும் நம்பாதீர்கள், என்னுடையதையும் சேர்த்து.

வேறு லேப் வேறு எண் கொடுக்கிறது

வாடிக்கையாளர் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்புவார். கோபப்படுவதற்கு முன் அந்த லேப்பிடம் கேட்க வேண்டியது ஐந்து: எந்தச் சிமுலன்ட், என்ன சூடு, எவ்வளவு நேரம், நனைந்த பரப்பும் ஊற்றிய அளவும் எவ்வளவு, அந்த எண் முதல் தொடுகையுடையதா மூன்றாவதுடையதா. கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. எனக்கு வந்த சண்டைகளில் பெரும்பாலானவை அதிலேயே முடிந்தன. அவர்கள் முதல் தொடுகை எண்ணைப் போட்டிருப்பார்கள், நாங்கள் மூன்றாவதை.

ஐந்தும் ஒத்துப்போய் எண் மட்டும் ஒத்துப்போகவில்லை என்றால் சோதித்த தட்டையே அனுப்பிப் பயனில்லை, அது ஏற்கெனவே மூன்று முறை கழுவப்பட்டுவிட்டது. அதே பெட்டியிலிருந்து தொடாத தட்டு வேண்டும். அதனால்தான் ஆறு தட்டு வேண்டும் என்று சாம்பிள் வாங்கும்போதே கேட்கிறோம். மூன்றைச் சோதிப்போம், மூன்று அலமாரியில் இருக்கும்.